சம்மதமும் பெயரும்: சப்ரகமுவத் தோட்டத் தமிழரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஒரு மக்கள் கூட்டத்தை எந்தப் பெயரால் குறிப்பது முறை என்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மொழிபெயர்ப்பாளரின் சிறு சிக்கலாகத் தோன்றலாம். ஆனால் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது, வழக்கில் நிலைத்துவிட்ட சொல் அதனாலேயே மெய்யாகிவிடுமா, பிறருக்குப் பெயரிடும் உரிமை எங்கிருந்து வருகிறது எனத் தமிழ் இலக்கணிகளும் பௌத்த, சைவச் சிந்தனையாளரும் வெவ்வேறு காலங்களில் ஆராய்ந்த வினாக்கள் அந்தச் சிக்கலுக்குள்ளேயே கிடக்கின்றன. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், தேயிலையும் இறப்பரும் பயிராகும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத முற்படும் ஒருவர், இந்த வினாக்களை முதல் வரியிலேயே எதிர்கொள்கிறார். ‘இந்தியன் டமில்ஸ்’, ‘எஸ்டேட் டமில்ஸ்’, ‘ஹில் கன்ட்ரி டமில்ஸ்’, ‘டமில்ஸ் ஆஃப் ரீசன்ட் இந்தியன் ஒரிஜின்’ என அவர் கைக்கெட்டும் தொடர்கள் பலவாயினும் அவற்றுள் இடறாதது ஒன்றும் இல்லை.

இவற்றுள் அதிகம் வழங்கும் ‘இந்தியன் டமில்’ என்ற தொடர் மக்களிடையே பிறந்த சொல்லன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கையில் வாழ்ந்த தமிழர் ‘சிலோன் தமிழர்’ என்றும் ‘இந்தியத் தமிழர்’ என்றும் முதன்முதலாக வேறு பிரித்து எண்ணப்பட்டனர். எண்ணுவதற்காக வகுக்கப்பட்ட அந்தப் பிரிவு, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் உரிமையைப் பறிப்பதற்கான பிரிவாக மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறப்பால் வரும் குடியுரிமையைத் தந்தையின், பாட்டனின் பிறப்பிடத்தோடு பிணைத்தது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்து, பிறப்புப் பதிவு இன்றியோ அரைகுறைப் பதிவோடோ வளர்ந்த இலட்சக்கணக்கானோரால் அந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்கையும் எடுத்துக்கொண்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவைத்தது. 1974இல் அவர்களும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் ஆங்கிலத்தில் ‘ரிபேட்ரியேட்’ எனவும் தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ எனவும் குறிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் அந்த மண்ணைக் கண்டதே இல்லை. காணாத இடத்துக்குத் திரும்புதல் எவ்வாறு இயலும் என்பதை அந்தச் சொல்லை ஆண்டவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. நீலகிரியில் அவர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியபோது, அக்கம்பக்கத்தார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தனர். கடலுக்கு இப்பால் இந்தியர் என்றும் அப்பால் சிலோன்காரர் என்றும் பெயர் பெற்ற ஒரு சமூகம், இரு கரையிலும் தன்னை வேற்றாளாகக் காட்டும் பெயரையே சுமந்தது.

இந்தப் பெயர்களின் குறையைத் துலக்கமாகக் காட்டத் தமிழ் இலக்கணத்திலேயே தக்க கருவிகள் உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் அதன் உரைகளும் பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தும். காரணம் எதுவும் புலப்படாமல் முன்னோர் இட்டதை அப்படியே வழங்கினால் அது இடுகுறிப்பெயர். பொருளின் ஏதோவோர் இயல்பைக் காரணமாகக் கொண்டு வந்தால் அது காரணப்பெயர். இரண்டுக்கும் இடையில் காரண இடுகுறி என்ற ஒரு வகையையும் உரையாசிரியர் காட்டுவர். முள் உடையது என்ற காரணத்தால் அமைந்த ‘முள்ளி’ என்ற சொல், முள்ளுடைய செடி அனைத்துக்கும் செல்லாமல் ஒரு செடிக்கு மட்டுமே உரியதாக நிற்பது அதற்குச் சான்று. ‘இந்தியத் தமிழர்’ என்பது தோற்றத்தில் காரணப்பெயர். மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்தனர் என்பது அதன் காரணம். ஆனால் அதே காரணம் இலங்கையின் பிற தமிழருக்கும், வெவ்வேறு காலங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய வேறு பல குலத்தாருக்கும் பொருந்துவதாயிருந்தும், இவர்கள்மீது மட்டுமே ஒட்டவைக்கப்பட்டது. ஆகவே அது செயலளவில் காரண இடுகுறியே. இங்குதான் கேடு தொடங்குகிறது. முள்ளி என்று ஒரு செடியைச் சொல்பவர் மற்றச் செடிகளுக்கு முள் இல்லை என்று கொள்வதில்லை. ‘இந்தியத் தமிழர்’ என்று சொன்ன சட்டமோ, காரணம் இவர்களுக்கு மட்டுமே உண்டு என்பதுபோல நடந்துகொண்டது. குறியாக இடப்பட்டதைக் காரணமாக மயங்கியதே அந்த அநீதியின் தருக்கப் பிழை. நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் ‘இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம்’ என்ற பெயரிலேயே நிறைவேறியது. உரிமையைத் திருப்பித் தந்த கையால்கூட அந்தப் பழைய குறியை அழிக்க இயலவில்லை.

பெயர் வெறும் வழக்குத்தானே, அதற்காக இவ்வளவு வாதம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது, ஏனெனில் அதன் பின்னால் வலிமையான மெய்யியல் ஒன்று நிற்கிறது. கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த ‘மிலிந்தபஞ்ஹ’ என்ற பாளி நூலின் தொடக்கத்தில், நாகசேனர் என்பது ஒரு வழக்குப் பெயர் மட்டுமே என்றும், அதற்குள் நிலையான ஆள் எவரும் இல்லை என்றும் அந்தப் பிக்கு விடை கூறுகிறார். அச்சும் சக்கரமும் நுகமும் சேர்ந்த இடத்தில் தேர் என்ற சொல் வழங்குவதுபோல, உறுப்புகள் சேர்ந்த இடத்தில் பெயர் வழங்குகிறது என்பது அவர் விளக்கம். இதை ஏற்றுக்கொண்டால், இந்தியத் தமிழர் என்றாலும் மலையகத் தமிழர் என்றாலும் இரண்டும் வெறும் வழக்கே. ஒன்று மற்றொன்றைவிட மெய்யாக இருக்க முடியாது.

ஆயினும் பௌத்தம் அத்துடன் நின்றுவிடவில்லை. உலக வழக்கில் செல்லுபடியாகும் உண்மையைப் பாளி மரபு ‘சம்முதி சத்தியம்’ என்று பெயரிட்டு, முடிந்த நிலையில் உண்மையாகிய ‘பரமார்த்த சத்திய’த்திலிருந்து வேறுபடுத்துகிறது. சம்முதி என்ற சொல் ஒத்துக்கொள்ளுதல், உடன்படுதல் என்ற பொருளைத் தன் வேரிலேயே கொண்டது. வடமொழிப் பௌத்த நூல்களில் இதற்கு நேராக வரும் ‘சம்விருதி’ என்ற சொல்லுக்கு மறைப்பு என்பதும் ஒரு பொருள் எனப் பௌத்த அறிஞர் சந்திரகீர்த்தி விளக்குவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒரே கருத்தைச் சுட்டும் இவ்விரு சொற்களும் பெயர்களின் இருவேறு விதிகளைக் காட்டிவிடுகின்றன: உடன்பாட்டால் நிற்கும் பெயரும் உண்டு, மூடி மறைக்கும் பெயரும் உண்டு. பெயரின் உண்மை வழக்கில்தான் இருக்கிறது என்றால் அந்த வழக்கு யாருடைய உடன்பாட்டால் அமைந்தது என்று கேட்டே ஆக வேண்டும். 1911இல் எண்ணப்பட்டவர்களிடம் அப்படியொரு கேள்வி கேட்கப்படவில்லை. நாகசேனரின் வாதம் பெயரை எளிதாக எடுத்துக்கொள்ளும்படி சொல்வதாகத் தோன்றினும், இறுதிவரை தொடர்ந்து சென்றால் அது பெயரிடுவோரின் பொறுப்பைக் கூட்டவே செய்கிறது. சிங்களப் பௌத்தக் கிராமங்கள் தோட்டங்களைச் சூழ்ந்திருக்கும் சப்ரகமுவவில் இந்த வாதம் அயலாரிடமிருந்து கடன் வாங்கியதாக இராது. விகாரையில் நாள்தோறும் கேட்கும் நெறியிலிருந்தே அதை எடுத்துக்காட்டலாம்.

உடன்பாடு இருக்கிறதா என்பதைக் கண்டறியத் தொல்காப்பியம் ஒரு வழியைக் காட்டுவதாகக் கொள்ளலாம். சொல்லதிகாரத்தின் நான்காம் இயலாகிய விளிமரபு, எந்தப் பெயர்கள் அழைக்கப்படும்போது எவ்வாறு திரியும் என்பதை வகுத்துரைக்கிறது. அதே இயல், அவன், இவன் போன்ற சொற்கள் விளி ஏற்பதில்லை என்பதையும் பதிவுசெய்கிறது. சுட்டுவதற்கு உதவும் சொற்கள் சில அழைப்பதற்கு உதவுவதில்லை என்பது இதன் கருத்து. இலக்கணி உருபைப் பற்றிச் சொன்னதை அறத்துக்கு நீட்டுவது தகுமா என்று ஐயுறலாம்; எனினும், ஒரு மக்களைப் படர்க்கையில் வைத்துப் பேசப் பயன்படும் பெயரை அவர்கள் முன்னிலையில் நின்று சொல்ல முடியுமா என்ற சோதனை பயனுள்ளதே. எட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டவிலோ ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அச்சடிக்கப்படும் அழைப்பிதழின் அடியில் ‘ஆலய பரிபாலன சபையினரும் தோட்டப் பொதுமக்களும்’ என்பது போன்ற கையொப்பம் இருக்கும். ‘இந்தியத் தமிழர்’ என்று எவரும் கையொப்பமிடுவதில்லை. அம்மனை அழைக்கும் இடத்தில் நுழைய முடியாத பெயர் அது. சைவம், பெயரும் வடிவும் கடந்த இறைவனுக்கு அடியார் எண்ணற்ற பெயர்களைச் சூட்டி அழைப்பதை ஏற்றுக்கொள்கிறது. அப்பெயர்கள் தகுதி பெறுவது அவை அளந்து முடித்த வரையறைகளாக இருப்பதால் அன்று, அன்போடு கூவி அழைக்கப்படுவதால். அந்த நெறியில் ஊறியவர்கள், தம்மை எவரும் ஒருமுறைகூடக் கூவி அழைத்திராத ஒரு பெயரால் ஏட்டில் எழுதப்பட்டுக் கிடப்பதை எவ்வாறு ஏற்பர்?

தோட்டத்துப் பேச்சுவழக்கில் பேர் என்ற சொல் பெற்றுள்ள ஒரு பொருள் இங்கே கவனத்துக்குரியது. காலையில் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார். மாலையில் கொழுந்தோ இறப்பர்ப் பாலோ நிறுக்கப்பட்டபின் அன்றைய வேலை ‘ஒரு பேர்’ எனப் பதியப்படுகிறது. குறித்த கிலோ நிறையாவிட்டால் ‘அரைப்பேர்’தான் விழும், பாதிச் சம்பளம் என்பது அதன் பொருள். ஒரு மனிதரின் பேரும் அவரது ஒருநாள் உழைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கும் இவ்வழக்கை ஆங்கிலத்தில் ‘ஹாஃப் நேம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. ‘அரைநாள் கூலி’ என்பதன் ஆங்கிலத்தை எழுதி, தோட்டத்து வழக்கில் அது அரைப்பேர் எனப்படும் என்று ஒரு குறிப்பைச் சேர்ப்பதே தெளிவு தரும். பேரைப் பாதியாக்கும் கணக்கேட்டை நாள்தோறும் கண்டுவரும் ஒருவர், தம் இனத்தின் பேரையும் யாரோ ஏட்டில் குறைத்து எழுதிவிட்டதாக உணர்ந்தால் அதை மிகையுணர்ச்சி என்று ஒதுக்க முடியாது.

கூலியால் ஆளைக் குறிக்கும் வழக்கம் பழைய ஆங்கிலத்தில் இதைவிட வெளிப்படையாக இருந்தது. ஒன்றோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு அதன் பெயர் ஆகிவருவதை இலக்கணத்தார் ஆகுபெயர் என்பர். உழைப்புக்குத் தரப்படும் கூலி உழைப்பவருக்கே பெயராகிவிட்டது அவ்வகையினது. தோட்டத் தமிழரிடையே கிறித்தவ நெறியைப் பரப்பவும் பள்ளி நடத்தவும் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தார் 1854இல் தொடங்கிய அமைப்பே ‘டமில் கூலி மிஷன்’ என்ற பெயரைத் தாங்கியிருந்தது. ஒவ்வொரு மனிதரையும் கடவுள் பெயர்சொல்லி அழைக்கிறார் என்று போதிக்க வந்தவர்கள், போதனை கேட்பவர்களைப் பொதுவில் சம்பளத்தின் பெயரால் அழைத்தனர் என்பது அக்காலத்தின் உள்முரண். அவர்கள் நடத்திய பள்ளிகளில் எழுத்தறிவு பெற்றவர்களின் வழிவந்தோரும் பின்னாளில் இப்பெயர்களைக் கேள்விக்குள்ளாக்கினர் என்பதையும் நன்றியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சாட்டுவதும் நேர்மையன்று. ‘தோட்டக்காட்டான்’ என்பது தமிழர் தமிழருக்குச் சூட்டிய இழிசொல்; ‘கள்ளத்தோணி’ என்பதும் தமிழ்ச் சொற்களால் ஆனதே. வாய்மை என்பது தீங்கு சிறிதும் இல்லாத சொல்லே என்று வள்ளுவர் வரையறுத்ததைத் தம் பெருமையாகக் கொள்ளும் ஒரு மொழியில் இச்சொற்கள் இத்தனை காலம் நிலைத்தது வருந்தத்தக்கது.

பெயர் தீங்கு விளைவிக்கும் என்பதற்குச் சப்ரகமுவ தன் வரலாற்றிலேயே சான்று வைத்திருக்கிறது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நடந்த தமிழர் எதிர்ப்பு வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன, லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் அகதி முகாம்களுக்கும் அங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கும் சென்றன. குடியுரிமை கேட்டபோது ‘இந்தியர்’ என்ற பாதிப் பெயர் அவர்களுக்கு எதிராக நின்றது. வன்முறை வந்தபோது ‘தமிழர்’ என்ற மறுபாதி எதிராக நின்றது. வடக்கே போய்க் குடியேறியபின் அங்கும் நெடுநாள் மலைநாட்டார் என்ற அடையாளத்தோடுதான் அவர்கள் வாழ நேர்ந்தது.

சமூகம் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளத் தொடங்கியது எப்போது என்று வரையறுத்துச் சொல்வது அரிதாயினும் சில அடையாளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 1939இல் உருவான இலங்கை இந்திய காங்கிரஸ், வாக்குரிமை பறிபோன மறுஆண்டு, அதாவது 1950இல், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டு ‘இந்திய’ என்ற சொல்லைக் களைந்தது. 1960களில் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இளைஞர் இயக்கத்தினரும் ‘மலையகம்’, ‘மலையகத் தமிழர்’ என்ற சொற்களைப் பரவச் செய்தனர்; 1989இல் பெ. சந்திரசேகரன் தொடங்கிய கட்சி மலையக மக்கள் முன்னணி என்ற பெயரையே பூண்டது. பெயர்களைத் திருத்துவது ஆள்வோரின் முதற்கடன் என்று சீனத்துக் கன்பூசியஸ் போதித்தார். இங்கோ திருத்தம் ஆளப்பட்டோரிடமிருந்து எழுந்தது. முதல் வருகையாகக் கொள்ளப்படும் 1823இன் இருநூறாம் ஆண்டு நிறைவில், 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த தடத்தில் நடைப்பயணம் சென்றவர்கள் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்று தம்மை அறிவித்துக்கொண்டபோது, சம்முதி என்ற சொல்லின் முழுப்பொருளிலும் அந்தப் பெயர் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

ஆனால் அந்தப் பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்லும்போது சப்ரகமுவ ஒரு தனித் தடையை எழுப்புகிறது. ‘ஹில் கன்ட்ரி டமில்ஸ்’, ‘அப் கன்ட்ரி டமில்ஸ்’ என்று பொருள் பெயர்த்து எழுதினால், மலைநாட்டில் வாழ்பவர் என்ற காரணமே முன்னுக்கு வருகிறது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயர்ந்த தேயிலைச் சரிவுகளுக்கு அது பொருந்தலாம். களனியின் கிளைகள் ஓடும் ருவன்வெல்ல, தெரணியகல, எட்டியாந்தோட்டைப் பள்ளத்தாக்குகளில், கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத வெப்பமண்டல நிலத்தில், விடியுமுன் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ஒருவருக்கு அது எப்படிப் பொருந்தும்? அவர் வாழும் இடம் மலைநாடன்று. அவரைச் சுற்றியுள்ளவை நுவரெலியாவில் இருப்பதுபோல நீண்டு தொடரும் தமிழ்த் தோட்டங்களும் அல்ல, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள சிறு தோட்டங்களும் இடையிடையே சிங்களக் கிராமங்களுமே. இருந்தும் மலையகத் தமிழர் என்ற பெயர் தமக்குரியது என்று அவர் சொன்னால் அதில் தவறில்லை, ஏனெனில் தமிழில் அச்சொல் இப்போது நன்னூல் உரைகாரர் காட்டும் காரண இடுகுறியின் நல்ல வடிவமாகிவிட்டது: மலை அதன் பிறப்புக் காரணம், ஒரு பொது வரலாறு அதன் பொருள். பொருளைப் பெயர்க்கும் ஆங்கிலத் தொடர் அந்தக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாற்றை விட்டுவிடுகிறது. எனவே ‘மலையக டமில்ஸ்’ என்று ஒலியை அப்படியே வைத்து எழுதி, முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரியில் விளக்குவதே மேலான தெரிவு. அந்த ஒரு வரியில், பிரித்தானியர் ஆட்சியில் காப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் என்பதும், தாழ்நிலத் தோட்டங்களில் வாழ்வோரும் இதில் அடங்குவர் என்பதும் இடம்பெற்றால் போதும்.

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தல வழியாக ஏறினால் அடையும் 2,243 மீட்டர் உயர மலையே இதற்கு ஓர் ஒப்புமை. பௌத்தருக்கு அது ஸ்ரீ பாத, சைவருக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. வணங்குவோர் ஒவ்வொருவரும் தாம் கண்ட தடத்தின் பெயரால் அதை அழைக்கின்றனர். ஆங்கில வரைபடமோ ‘ஆடம்ஸ் பீக்’ என்று அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து மற்றவற்றைக் கைவிட்டது. சமன் தெய்வத்தின் காவலில் உள்ளதாகச் சிங்களர் நம்பும் அந்த மலைக்கு ஏறும் தோட்டத் தமிழர், பக்கத்தில் வருபவர் வேறு பெயர் சொல்வதால் தம் வழிபாடு குறைந்துவிட்டதாக எண்ணுவதில்லை. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது இடர் ஆவதில்லை. அதை அணுகாதவர் இட்ட பெயர் மட்டுமே ஏட்டில் எஞ்சும்போதுதான் இடர்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் தாமே கிடைக்கின்றன. சம்பளம், கொழுந்தின் எடை, காணியுரிமை, வீட்டுத்திட்டம் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது இனப்பெயர் பெரும்பாலும் வேண்டியதே இல்லை; தேயிலைத் தொழிலாளர், இறப்பர்த் தொழிலாளர், தோட்டத்துக் குடியிருப்பாளர் என்பவற்றுக்கு நேரான எளிய ஆங்கிலச் சொற்களே தெளிவானவை. பழைய சட்டத்தையோ கணக்கெடுப்பையோ மேற்கோளாகக் காட்டும்போது அதிலுள்ள பெயரை மாற்றி எழுதுவது வரலாற்றைத் திரிப்பதாகும். ஆவணத்தின் ஆண்டைக் குறித்து, அது அக்காலத்து ஆட்சியின் சொல் என்று காட்டிவிட்டு, கட்டுரையாளர் தம் குரலில் பேசும் இடத்தில் மலையகத் தமிழர் என்பதையே ஆள வேண்டும். ‘எஸ்டேட் டமில்’ என்ற தொடரை ஆளையே தோட்டத்தின் உடைமைபோலக் காட்டுவதால் முற்றாக விடுவது நல்லது. தோட்டம் என்பது இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும் பத்துப் பேருக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரும் உடையது எனக் கணக்கெடுப்புத் திணைக்களம் வரையறுக்கும் ஓர் இடப்பிரிவு. பெல்மதுளை நகரில் கடை நடத்தும், ஆசிரியராகப் பணிபுரியும் அதே சமூகத்தவர் அந்த வரையறைக்குள் வருவதும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒன்று உண்டு. 2012இல் நாட்டு மக்கள்தொகையில் 4.1 சதவீதமாகப் பதிவான ‘இந்தியத் தமிழர்’ பிரிவு, மலையகத் தமிழர் என்ற பெயரும் உடன் சேர்க்கப்பட்ட 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2.8 சதவீதமாகக் குறைந்து காணப்படுகிறது. இத்தகைய குறைவைப் பிறப்பும் இறப்பும் புலம்பெயர்வும் மட்டும் விளக்கிவிடா. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்றே பதியச் சொல்லும் பெற்றோர் பலர் உண்டு. கேகாலை மாவட்டத்தில் சிங்கள மொழிமூலம் படித்து வளர்ந்த இளைஞர் ஒருவர் அவ்வாறு பதிந்துகொண்டால், அவர் அச்சத்தால் அப்படிச் செய்தாரா, விருப்பத்தாலா, இலங்கை தம் நாடு என்ற எளிய உண்மையைச் சொன்னாரா என்பதை வெளியிலிருந்து எவரும் தீர்மானிக்க முடியாது. உடன்பாட்டையே அளவுகோலாகக் கொண்டவர்கள் அவரது தெரிவையும் மதித்தாக வேண்டும், அதனால் மலையகத் தமிழரின் எண்ணிக்கையும் அதைச் சார்ந்த அரசியல் வலுவும் குறைவது கண்டு வருந்தினாலும். குறைந்தபட்சம், கணக்கெடுப்புப் படிவத்தோடு சப்ரகமுவத் தோட்டத்து லயத்தின் வாசலில் வந்து நிற்கும் அலுவலர் அந்த இனக் கேள்வியைத் தமிழில் கேட்கவும், சொன்ன விடையைச் சொன்னபடியே எழுதவும் ஏற்பாடு இருக்க வேண்டும்; தமிழ் தெரிந்த அலுவலர்களைக் கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் போதிய அளவில் நியமிப்பது அதற்கான முதல் வேலை.